சினைப்பைப் புற்றும் பெண்மை ஹார்மோன்களும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாம் ஒன்றில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, தெருவிளக்கு, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றி இரண்டு நாட்களாக இங்கே கலந்து பேசி வருகிறீர்கள். அவற்றின் நடுவே, பெண்களின் வயிற்றுக்குள் மறைந்திருக்கும் ஓர் உறுப்பைப் பற்றிப் பேச ஒரு டாக்டரை அழைத்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சபையில் இதையெல்லாம் பேசலாமா என்ற கூச்சமும் சிலருக்குத் தோன்றலாம். கூச்சம் வேண்டாம். பேசாமல் விட்டதனால் நாம் இழந்த உயிர்கள் பல.

2022-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் அந்த ஓராண்டில் 47,000-க்கு மேற்பட்ட பெண்களுக்குச் சினைப்பைப் புற்று கண்டது. ஏறத்தாழ 33,000 பேர் அந்நோயால் இறந்தனர். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில், மார்பகப் புற்றுக்கும் கருப்பை வாய்ப் புற்றுக்கும் அடுத்த மூன்றாம் இடத்தில் நிற்பது இதுவே.

சினைப்பை என்பது யாது? கருப்பையின் இருபுறத்திலும் பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு வாதுமைக் கொட்டையின் அளவில் அமைந்திருக்கும் சிறு உறுப்பே அது. அதற்கு இரண்டு வேலைகள் உண்டு. மாதம் ஒரு முட்டையைப் பக்குவப்படுத்தி வெளியே அனுப்புவது ஒன்று. ஹார்மோன் என்னும் சுரப்புப் பொருள்களை உண்டாக்கி இரத்தத்தில் கலக்கச் செய்வது மற்றொன்று. இந்த ஹார்மோன்களில் முக்கியமானவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஆகிய இரண்டு. சிறுமியைப் பெண்ணாக வளரச் செய்வதும், எலும்புக்கு உறுதி தருவதும், கருப்பையின் உள்வரியைத் தழைக்கச் செய்வதும் ஈஸ்ட்ரோஜனின் வேலை. அவ்வாறு தழைத்ததை அடக்கி, கருவைத் தாங்கும்படி பக்குவப்படுத்துவது புரோஜெஸ்ட்ரோனின் வேலை. ஒன்று வளரச் சொல்கிறது. மற்றொன்று போதும் என்று சொல்லி நிறுத்துகிறது. இவ்விரண்டும் அளவோடு மாறி மாறி நடந்து வருமாயின் உடல் சீராக இருக்கும்.

உழவர்களாகிய உங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வயலில் யூரியா தூவினால் பயிர் தழைக்கும். ஆனால் அந்த யூரியா, பயிர் எது, களை எது என்று பார்த்துச் சேர்வதில்லை. வயலில் களை விதை கிடந்தால் அதுவும் சேர்ந்தே தழைக்கும். களையை உண்டாக்கியது யூரியா அன்று. எனினும் முளைத்த களைக்கு அது ஊட்டமாகிறது. ஹார்மோனுக்கும் புற்றுக்கும் உள்ள உறவு பெரும்பாலும் இத்தகையதே.

அப்படியானால் அந்தக் களை விதை எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை தேட, உங்கள் வீட்டுக் கோழியிடம் சிறிது நேரம் செல்வோம்.

முட்டை வெளிப்படும்போது சினைப்பையின் மேற்பரப்பு கிழிகிறது. பிறகு அந்தப் புண் ஆறுகிறது. புண் ஆற வேண்டுமானால் புதிய உயிரணுக்கள் பிறக்க வேண்டும். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம், அதனுள் இருக்கும் பரம்பரைச் செய்தியைப் பிரதி எடுப்பதில் பிழை நேர இடமுண்டு. பிழைகள் சேரச் சேர, என்றேனும் ஓர் உயிரணு அடங்காமல் பெருகத் தொடங்கக்கூடும். இடைவிடாமல் மாதந்தோறும் முட்டை வெளிப்பட்டுக் கொண்டிருப்பதே இப்புற்றுக்கு ஒரு காரணமாக இருக்குமோ என்ற கேள்வியை, எகிப்து நாட்டு மகப்பேறு மருத்துவரான மஹ்மூத் ஃபதல்லா 1971-ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் எழுப்பினார்.

அக்கேள்விக்கு வலுவூட்டும் பிராணி முட்டைக் கோழி. நம் நாட்டுக் கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்து விடும். குஞ்சு பொரித்து, அதை வளர்த்து விடும் வரையில் அதன் சினைப்பைக்கு ஓய்வு. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் வளரும் வெள்ளைக் கோழிக்கோ அடை கிடையாது, ஓய்வும் கிடையாது. ஆண்டுக்கு 300 முட்டை வரையிலும் அதற்கு மேலும் அது இடுகிறது. இத்தகைய கோழிகளை நீண்ட நாள் வளர்த்தால், அவற்றில் பலவற்றுக்குத் தாமாகவே சினைப்பைப் புற்று வருகிறது. மனிதருக்கு வருவதைப் போன்ற இப்புற்று, தானே அடிக்கடி தோன்றும் பிராணி வேறொன்றைக் காண்பது அரிது. ஆகவே அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்நோயை ஆராயக் கோழிகளையே வளர்க்கின்றனர். முட்டையிடுவதை நிறுத்தும் ஹார்மோன்களைக் கொடுத்துப் பார்த்த கோழிகளிடம் இந்நோய் குறைந்தது என்றும் கண்டனர். நம் பண்ணைகளில் கோழிக்கு வயது முதிரும் முன்பே அதைக் கழித்து விடுவதால் இந்நோய் நம் கண்ணில் படுவதில்லை. இதைக் கேட்டு யாரும் முட்டையை ஒதுக்க வேண்டாம். புற்று தொற்றும் நோயன்று. முட்டை உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல உணவு.

இனி மனிதருக்கு வருவோம். ஒரு பெண் பூப்பெய்தியது முதல் மாதவிடாய் நிற்கும் வரையில், கருத்தரிக்காமலே இருப்பாளாயின், அவளுக்கு 400-க்கு மேற்பட்ட முறை முட்டை வெளிப்படும். கருவுற்ற மாதங்களில் அது நின்று விடுகிறது. தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் பெரும்பாலும் தடைப்படுகிறது. ஆகவே, பிள்ளை பெற்றவர்களுக்கும், பாலூட்டியவர்களுக்கும் சினைப்பைப் புற்று சற்றுக் குறைவாக வருகிறது. பேறுகாலம் தரும் காவல், விடுபட்ட மாதங்களின் கணக்கை விடவும் அதிகமாகக் காணப்படுகிறது. பேறுகாலத்தில் மிகுதியாகச் சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன், பழுதுபட்ட உயிரணுக்களை அழிந்துபோகச் செய்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுவதற்கு இது ஒரு காரணம்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிள்ளை இல்லாத ஒரு பெண்ணுக்கு இந்நோய் வந்தால், அது அவள் செய்த குற்றம் என்று ஊரார் பேசுவது பெரும் பாவம். பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மாருக்கும் இந்நோய் வருகிறது. பிள்ளைப் பேறு இல்லாதவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இது வருவதே இல்லை.

நிற்க. வெளியிலிருந்து உட்கொள்ளும் ஹார்மோன்கள் என்ன செய்கின்றன? இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று நன்மை செய்கிறது. மற்றொன்று சிறிது தீமை செய்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்பிப் போகிறவர்கள் பலர்.

முதல் வகை, கருத்தடை மாத்திரை. அரசு நிலையங்களில் இலவசமாகத் தரப்படும் மாலா-என் இவ்வகையைச் சேர்ந்தது. இதில் ஈஸ்ட்ரோஜன் வகையும் புரோஜெஸ்ட்ரோன் வகையும் சேர்ந்திருக்கின்றன. இது முட்டை வெளிப்படுவதைத் தடுக்கிறது. 21 நாடுகளில் நடந்த 45 ஆய்வுகளை ஒன்று சேர்த்து, 23,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2008-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஒவ்வோர் ஐந்தாண்டு உபயோகத்துக்கும் சினைப்பைப் புற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்றும், பதினைந்து ஆண்டு உபயோகித்தவர்களுக்கு அது பாதியாகக் குறைகிறது என்றும், மாத்திரையை நிறுத்தி முப்பது ஆண்டுக்குப் பின்னும் அந்தக் காவல் ஓரளவு நீடிக்கிறது என்றும் அவ்வறிக்கை காட்டியது. ஆயினும் புற்றைத் தடுப்பதற்காகவே இம்மாத்திரையை உட்கொள்ளும்படி நான் சொல்லவில்லை. உட்கொள்ளும் காலத்தில் மார்பகப் புற்றின் அபாயம் சிறிதளவு கூடுகிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்களும், கால் நரம்பில் இரத்தம் உறைந்தவர்களும், கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மாரும் டாக்டரைக் கேளாமல் இதைத் தொடுதல் ஆகாது.

இரண்டாவது வகை, மாதவிடாய் நின்ற பிறகு கொடுக்கப்படும் ஹார்மோன் மாத்திரை. ஐம்பது வயதை ஒட்டி மாதவிடாய் நிற்கும்போது சில பெண்களுக்கு உடல் திடீரென்று கொதிக்கும், வியர்வை பெருகும், உறக்கம் கெடும். மிகவும் வருந்துகிறவர்களுக்கு டாக்டர்கள் ஹார்மோன் கொடுப்பதுண்டு. ஓய்வு பெற்றுவிட்ட சினைப்பைக்கு அருகில் மீண்டும் உரம் தூவியதைப் போன்றது இது. 52 ஆய்வுகளைச் சேர்த்து 2015-ஆம் ஆண்டில் வெளியான கணக்கு இதன் அளவைத் தெளிவாகக் கூறுகிறது. ஐம்பது வயதிலிருந்து ஐந்தாண்டுக் காலம் இம்மாத்திரையை உட்கொள்ளும் 1,000 பெண்களில், ஏறத்தாழ ஒருவருக்குக் கூடுதலாகச் சினைப்பைப் புற்று உண்டாகிறது. ஆயிரத்தில் ஒன்று என்பது சிறிய எண்தான். துன்பம் மிகுந்த ஒரு பெண், டாக்டர் எடுத்துச் சொல்லக் கேட்டு, தெரிந்தே அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் பக்கத்து வீட்டார் உண்டார்கள் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, ஆண்டுக்கணக்கில் உண்பது அறியாமை.

இங்கே மற்றோர் அறியாமையையும் குறிப்பிட வேண்டும். "கருப்பையை எடுத்தாயிற்று, சினைப்பையையும் சேர்த்து எடுத்து விட்டால் புற்று வராதே" என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. தக்க காரணமின்றி நாற்பது வயதுப் பெண்ணின் இரு சினைப்பைகளையும் எடுத்து விட்டால், எலும்பையும் இதயத்தையும் காத்து வந்த ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நின்று போகும். களைக்கு அஞ்சி நிலத்தையே தரிசாக்குவது போன்றது அது. குடும்பத்தில் பரம்பரையாக இப்புற்று இருப்பவர்களுக்கு மட்டும், பிள்ளைப்பேறு முடிந்த பின், டாக்டர்கள் ஆராய்ந்து அவ்வாறு செய்யச் சொல்வதுண்டு. தாய், சகோதரி, பாட்டி, அத்தை ஆகியோருள் ஒருவருக்குச் சினைப்பைப் புற்றோ, இளவயதில் மார்பகப் புற்றோ இருந்தால் அதை டாக்டரிடம் அவசியம் கூற வேண்டும். அத்தை என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். இந்தப் பரம்பரைக் கோளாறு தகப்பன் வழியாகவும் மகளுக்கு வரும்.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டால் ஹார்மோன் கெட்டு விடும் என்ற அச்சமும் நம் கிராமங்களில் இருந்து வருகிறது. அது சரியன்று. அந்த அறுவையில் கட்டப்படுவது கருக்குழாய். சினைப்பை தன் வேலையைத் தொடர்ந்து செய்கிறது. அதுமட்டுமன்று, கருக்குழாய் கட்டிக்கொண்ட பெண்களுக்குச் சினைப்பைப் புற்று குறைவாகவே வருகிறது. இதற்கு ஒரு காரணமும் இப்போது தெரிந்திருக்கிறது. சினைப்பைப் புற்றுகளில் மிகக் கொடியதான வகை, பல சமயங்களில் சினைப்பையில் அன்று, அதை ஒட்டியுள்ள கருக்குழாயின் நுனியிலேயே தொடங்குகிறது என்று 2001-ஆம் ஆண்டு முதல் கண்டு வருகின்றனர். கனடா நாட்டின் ஒரு மாகாணத்தில் 2010-ஆம் ஆண்டு முதல், கருத்தடை அறுவையின்போது குழாயைக் கட்டுவதற்குப் பதிலாக முழுவதும் எடுத்து விடும் முறையைக் கொண்டு வந்தனர். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இவ்வறுவையைச் செய்துகொண்டவர்கள். ஆதலால் இந்தச் செய்தி நமக்கு ஆறுதல் தருவது. ஆனால் அறுவை செய்துகொண்டவர்களுக்கு நோயே வராது என்று இருந்து விடலாகாது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

கருப்பை வாய்ப் புற்றுக்கும் மார்பகப் புற்றுக்கும் நோய்க்குறி தோன்றும் முன்பே சோதனை செய்து பார்க்க முடியும். அச்சோதனைகளுக்கு உங்கள் ஊர்ப் பெண்களை அவசியம் அனுப்புங்கள். சினைப்பைப் புற்றுக்கு அத்தகைய சோதனை இல்லை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் இரத்தச் சோதனையோ ஸ்கேனோ செய்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 2021-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. அச்சோதனைகளால் இறப்பு குறையவில்லை. ஆகவே, நோய்க்குறி எதுவும் இல்லாத பெண்களுக்கு இரத்தம் எடுத்துச் சினைப்பைப் புற்று உண்டா என்று சொல்லி விடுவதாக யாரேனும் உங்கள் ஊரில் முகாம் நடத்த வந்தால், பணம் கொடுத்து ஏமாற வேண்டாம். இளம் பெண்களின் சினைப்பையில் காணும் நீர்க்கட்டிகளும் பெரும்பாலும் புற்றல்ல.

சோதனை இல்லையென்றால் வழியே இல்லையா? உண்டு. அந்த வழி, அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது.

இந்நோய் வாய் திறவாமல் வருகிறது என்று சொல்வார்கள். அது முழு உண்மையன்று. அது மெல்லிய குரலில் பேசுகிறது. வயிறு உப்பிக்கொண்டே இருத்தல். இரண்டு கவளம் உண்டதும் வயிறு நிறைந்துவிட்டது போலத் தோன்றுதல். அடிவயிற்றிலோ இடுப்பிலோ விடாத வலி. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருத்தல். இவையே அதன் குரல். இவை யாவும் சாதாரணத் தொல்லைகளே. என்றேனும் ஒரு நாள் வந்து போனால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் முன்பு இல்லாதது புதிதாகத் தொடங்கி, அநேகமாக நாள்தோறும் இருந்து, மூன்று வாரமாகியும் தீராவிட்டால், அதிலும் அந்தப் பெண் ஐம்பது வயதை நெருங்கியவளோ கடந்தவளோ ஆனால், டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் உதிரம் காணுமானால் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. தானே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் ஒருவகைச் சினைப்பைக் கட்டி உண்டு. அதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

என் இளமைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுகிறேன். நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றி வந்தபோது, கடலை ஆயும் வேலைக்குச் செல்லும் ஓர் அம்மையார் வந்தார். வயது ஐம்பதுக்கு மேல். "புடவைக் கட்டு இறுக்குகிறது, ஐயா, சோறு இறங்கவில்லை" என்றார். வரிசையில் நூறு பேர் நின்றிருந்தனர். வாயு என்று சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பி விட்டேன். மறுமாதமும் வந்தார், மறுபடியும் அதே மாத்திரை. அவருடைய கன்னம் ஒட்டியிருந்ததும் வயிறு மட்டும் பெருத்திருந்ததும் என் கண்ணில் பட்டிருக்க வேண்டும், படவில்லை. ஐந்தாம் மாதம் அவரைக் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தபோது வயிறு முழுவதும் நீர். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நோய் வயிறெங்கும் பரவியிருந்தது. அவர் அதிக நாள் இருக்கவில்லை.

அவர் கணவர் பிறகு ஒரு நாள் என்னைப் பார்க்க வந்தார். அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "தொழுவத்தில் மாடு ஒரு வேளை அசை போடாவிட்டாலும் எனக்குத் தெரியும், ஐயா. இவள் அரை வயிறு உண்டு எழுந்ததை ஐந்து மாதமாக நான் பார்க்கவில்லை" என்றார். அவர் தம் குற்றத்தைச் சொன்னார். என் குற்றத்தை நான் அப்போது அவரிடம் சொல்லவில்லை. அதை இங்கே சொல்லுவதற்காகவே இந்த அழைப்பை ஏற்றுக்கொண்டேன்.

தொடக்க நிலையிலேயே கண்டுபிடித்தால், இந்நோயுற்ற பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஐந்தாண்டுக்கு மேலும் வாழ்கிறார்கள். பரவிய பிறகு வந்தால் பாதிப் பேர் கூடத் தேறுவதில்லை. இரண்டுக்கும் இடையே நிற்பது, பல சமயங்களில் நாம் கேளாமல் விட்ட சில மாதங்களே.

பஞ்சாயத்து உறுப்பினர்களே, உங்களிடம் நான் வேண்டுவன நான்கு.

முதலாவது, உங்கள் ஊர்ச் சுய உதவிக் குழுக் கூட்டங்களில், கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு இந்த நான்கு அறிகுறிகளையும் "மூன்று வாரம்" என்ற கணக்கையும் எடுத்துச் சொல்லச் செய்யுங்கள்.

இரண்டாவது, இவ்வறிகுறிகளோடு ஒரு பெண் மூன்றாம் முறையும் அதே வாயு மாத்திரையோடு திரும்பினால், துணைக்கு ஒருவரை அனுப்பி மாவட்ட ஆஸ்பத்திரியில் காட்டச் செய்யுங்கள். பணத்துக்கு அஞ்சி நிற்பவர்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடமுண்டு என்பதை எடுத்துச் சொல்லி, அட்டை பெற உதவுங்கள்.

மூன்றாவது, ஹார்மோன் மாத்திரை எதையும் டாக்டர் சீட்டின்றி வாங்கும் வழக்கத்தை உங்கள் ஊரில் நிறுத்துங்கள்.

நான்காவது, ஆண்மக்களுக்கு உரியது. இன்றிரவு உங்கள் வீட்டில் எல்லோரும் உண்ட பிறகு கடைசியாக உண்ண உட்காரும் அந்தப் பெண்மணி எவ்வளவு உண்கிறார் என்று பாருங்கள். குறைத்து உண்டால், ஏன் என்று கேளுங்கள். "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லுவார். மறுநாளும் கேளுங்கள்.